மாமனாரின் இரண்டு பெட்டி டிவிடிகளைத் தூக்கிப் போடலாமா?

லண்டனில் நாற்பது வருடம் வேலை பார்த்த மாமனார் இப்போது கோயம்புத்தூரில் உங்களோடு இருக்க வந்துவிட்டார். கூடவே இரண்டு அட்டைப்பெட்டி நிறைய பழைய பிரிட்டிஷ் காமெடி டிவிடிகளும் ஒரு பை வீடியோ கேசட்டுகளும் வந்திருக்கின்றன. எல்லாம் ஐம்பது வருடப் பழசு, இணையத்தில் தேடினால் துண்டு துண்டாகக் கிடைக்கிறது, அப்புறம் எதற்கு இந்தப் பெட்டிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கிப் போட்டால் தப்பா என்று கடைசி வரியில் ஒரு கேள்வி. இடம் அடைப்பதுதான் உங்கள் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே காட்சியை நூறாவது தடவை பார்த்தும் அந்த மனிதர் எப்படிக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார், அது வாழ்ந்த ஊரின் நினைப்பா, இல்லை சரக்கிலேயே ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் பதிலின் எல்லையும் அதுதான். லண்டனின் வடமேற்கில் ஒரு நகராட்சிப் பொது நூலகத்தில் 1996 முதல் 2018 வரை வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி வீடியோ, இசைப் பிரிவில். வாங்குவது, பட்டியலிடுவது, வாடகைக்குக் கொடுப்பது, கீறல் விழுந்து திரும்பி வரும் டிவிடியைத் துடைத்து ஓட்டிப் பார்ப்பது, யாரும் எடுக்காததைக் கழித்துக் கட்டுவது, எல்லாம் என் கை வழியாகப் போனவை. யார் எதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போனார்கள் என்பது நான் கண்ணால் கண்டது. ஏன் எடுத்துப் போனார்கள் என்று சொல்லும்போது பாதி ஊகம். அதுவும் ஒரே பேட்டையைப் பார்த்த ஊகம். அந்த இடங்களில் ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

கண்டது இதுதான். புதுப் படம் வந்தால் மூன்று மாதம் அலமாரியில் நிற்காது, அதற்கப்புறம் தூசி படியும். பழைய காமெடிகள் அப்படி இல்லை. என்றைக்குமே முண்டியடித்து யாரும் கேட்டதில்லை, ஆனால் அலமாரியில் ஓய்ந்து இருந்ததும் இல்லை. எங்கள் நூலகத்தில் அதிகம் தேய்ந்து மறுபடி மறுபடி வாங்கவேண்டி வந்த தொடர் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. எடுத்துப் போனவர்களில் ஏற்கெனவே பார்க்காதவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். ஒரு அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாரமும் அதையே எடுப்பார். வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தடவை கேட்டேன். வீட்டில் இருந்தால் தினமும் பார்த்துக் கெடுத்துவிடுவேன் என்றார்.

அந்தத் தொடர் மொத்தமே 12 கதைகள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. அதிலும் கடைசிக் கதை தொலைக்காட்சி ஊழியர் வேலைநிறுத்தத்தில் மாட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போய் அக்டோபரில்தான் ஒளிபரப்பானது. எழுதியவர்கள் ஜான் க்ளீஸ், கோனி பூத் இரண்டே பேர். இருவரும் அதில் நடிக்கவும் செய்தார்கள். டார்க்கி என்ற கடலோர ஊரில் பேசில் என்கிற ஒரு சிடுமூஞ்சி, அதாவது க்ளீஸ், நடத்தும் ஓட்டல்தான் களம். 1970இல் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் க்ளீஸ் தங்கிய நிஜ ஓட்டல் முதலாளிதான் அதற்கு முன்மாதிரி. விருந்தாளி ஒருவர் விட்டுப்போன பெட்டியைக் குண்டாக இருக்கும் என்று தூக்கி வெளியே வைத்த மனுஷன் அவர். ஸ்கிரிப்டைப் படித்த பிபிசி ஆள் ஒருவர் இது நாசமாகத்தான் போகும் என்று குறிப்பு எழுதி வைத்தார். 2000இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நூறு சிறந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளின் பட்டியல் போட்டபோது அதுதான் முதலிடம்.

பன்னிரண்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், என் பதிலின் மையம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தொடர் வருடத்துக்கு இருபது, இருபத்திரண்டு கதைகள் ஓடும். ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். பிரிட்டனில் ஒரு வரிசைக்கு, அதாவது ஒரு சீசனுக்கு, ஆறோ ஏழோதான். எழுதுகிறவர் ஒருவர், அல்லது ஒரு ஜோடி. கைச்சரக்கு தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் அவர்களே நிறுத்திவிடலாம். பாதி நிறுத்தங்களுக்குக் காரணம் பணமும் சண்டையும்தான் என்பது வேறு விஷயம். எப்படியோ, கையில் அடங்குகிற அளவு. கேசட் காலத்தில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' முழுவதும் நாலே கேசட்டில் முடிந்துவிட்டது. ஒரு தொடரை ஒரு நாவல் மாதிரி அலமாரியில் முழுசாக வைத்துக்கொள்ள முடிந்தது. நூற்றுக்கணக்கான கதைகள் உள்ள தொடரை யாரும் அப்படி 'வைத்துக்கொள்வது' கிடையாது. போகிற போக்கில் பார்ப்பதோடு சரி.

அளவு மட்டும் காரணம் என்றால் பாதிதான் சொன்னதாகும். எழுதிய விதத்தையும் பார்க்கவேண்டும். காது மந்தமான ஒரு கிழவி ஓட்டலுக்கு வரும் கதையைச் சொல்கிறேன், உங்கள் பெட்டியில் நிச்சயம் இருக்கும். பேசில் மனைவிக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி ஜெயித்துவிடுகிறான். சர்வர் மானுவேலைத் தனியே கூப்பிட்டு, யார் கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல் என மண்டையில் ஏற்றுகிறான். கிழவியின் பணம் காணாமல் போகிறது. பேசில் கையில் இருப்பது பந்தயத்தில் வந்த பணம்தான் என்று சாட்சி சொல்ல இப்போது மானுவேல் ஒருவன்தான் உண்டு. பேசில் கெஞ்சுகிறான். மானுவேல் நெஞ்சை நிமிர்த்தி, விசுவாசத்தோடு, 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறான். முதல் தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் சிரிப்பீர்கள். இரண்டாம் தடவை, பத்து நிமிடம் முன்னாடியே, பேசில் சொல்லிக்கொடுக்கும்போதே வயிறு குலுங்க ஆரம்பித்துவிடும். தன் குழியைத் தானே தோண்டுகிறான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு, நல்ல பிரிட்டிஷ் காமெடி முதல் தடவையை விட இரண்டாம் தடவையில் நன்றாக இருக்கும் என்பது. தொலைக்காட்சி முதல் தடவைக்கான கருவி. கேசட்டும் டிவிடியும் இரண்டாம் தடவைக்கானவை. எழுதியவர்கள் இப்படித் திட்டமிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். வாரம் ஒரு இரவு அரை மணி நேரத்துக்குத்தான் எழுதினார்கள். ஆனால் ஒரு கதையைப் பல வாரம் உட்கார்ந்து நெய்ததால், ஒரு இரவில் தீராத அளவுக்கு அதற்குள் நூல் இருந்தது. வாழைப்பழக் காமெடியை நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம்? 'அந்த ஒன்னுதான்ணே இது' வரப்போகிறது என்று தெரிந்துதானே பார்க்கிறோம். உங்கள் மாமனார் செய்வதும் அதுதான். ஒரு சின்ன விஷயம்: பெரும்பாலான கதைகளின் தொடக்கத்தில் ஓட்டல் பெயர்ப்பலகையின் எழுத்துகளை யாரோ விஷமத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி, சில அசிங்கமாகவும். அதை நிறுத்திப் படிக்க ரிமோட் தேவை.

இப்போது பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம். இந்த நிகழ்ச்சிகளை எடுத்தவர்கள் அவற்றைப் பத்திரப்படுத்த நினைக்கவே இல்லை. அறுபதுகளில் ஸ்டுடியோவில் பதிந்தது இரண்டு அங்குல அகலமான வீடியோ டேப்பில். அதன் விலை அதிகம், அழித்து மறுபடி பதியலாம். நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தங்களும் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை காட்டியதை வைத்து என்ன செய்வது என்று அழித்தார்கள். வெளிநாட்டுக்கு விற்க, திரையை ஃபிலிம் காமிராவால் படம் பிடித்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதிகள் சில தப்பின. 'டாட்ஸ் ஆர்மி' 1968 முதல் 1977 வரை 80 கதைகள் ஓடிய தொடர், பிரிட்டனில் அதைத் தெரியாத வீடு கிடையாது. அதன் 1969ஆம் வருட இரண்டாம் வரிசையில் மூன்று கதைகள் இன்றைக்கும் இல்லை. ஐந்து இல்லாமல் இருந்தது, 2001இல் இரண்டு ஃபிலிம் சுருள்களாகத் தனியார் ஒருவரிடமிருந்து திரும்பி வந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஸ்டெப்டோ அண்ட் சன்' கதை. குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கும் அப்பனும் மகனும். மகனுக்கு நல்ல புத்தகம், நல்ல சகவாசம் என்று மேலே போக ஆசை. அப்பன் விடமாட்டான். 1970இல் வண்ணத்தில் எடுத்த கதைகளில் பல பிபிசியிடம் வண்ணத்தில் மிஞ்சவில்லை. எழுதிய ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும் தங்களுக்காக அந்தக் காலத்துச் சிறிய வீடியோ எந்திரத்தில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். நிறுவனம் அழித்ததை எழுத்தாளர்களின் சொந்த டேப் காப்பாற்றியது. இன்று டிவிடியில் நாம் பார்ப்பது அதைத்தான். வீட்டு வீடியோ என்பது இந்தக் காமெடிகளைப் பிற்பாடு விற்க வந்த கடை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவற்றில் சில இருப்பதற்கே அதுதான் காரணம் என்று தெரிந்த நாளில் நூலகத்துக் கேசட்டுகளை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

இதிலே ஒரு மாயாஜாலமும் உண்டு. 'டாட்ஸ் ஆர்மி'யில் வண்ணத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமாக மட்டும் மிஞ்சிய ஒரு கதையை 2008இல் மறுபடி வண்ணத்துக்குக் கொண்டுவந்தார்கள். கையால் பூசிய வண்ணம் அல்ல. அந்த நாளில் திரையைப் படம் பிடித்தபோது வண்ண சமிக்ஞை நுண்ணிய புள்ளிகளாக ஃபிலிமில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது அது வெறும் இரைச்சல். கணினியால் அந்தப் புள்ளிகளைப் படித்து, அசல் வண்ணத்தையே மீட்டார்கள்.

சரி, சரக்குக்கு வருவோம். ஐம்பது வருடம் தாங்குவதற்கு நெசவு மட்டும் போதாது. இந்தத் தொடர்களில் சிறந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு மனிதன் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பான். ஸ்டெப்டோவின் மகன் அப்பனிடம் மாட்டியவன். பேசில் தன் ஓட்டலிலும் கல்யாணத்திலும் மாட்டியவன். ரோனி பார்க்கர் நடித்த 'பாரிட்ஜ்' நேரடியாகச் சிறைச்சாலையிலேயே நடக்கிறது. தப்பிக்க ஆசை, முடியாது, அடுத்த வாரமும் அதே இடம். இது தொடர் வடிவத்துக்கு வசதி என்பதால் எழுதினார்களா, இல்லை போருக்குப் பிந்தைய பிரிட்டன் தன்னையே அப்படி உணர்ந்ததா என்றால், இரண்டும் என்பது என் ஊகம். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மாட்டிக்கொள்வதில் பெரும்பங்கு வர்க்கம். இது புரிந்தால் 'டாட்ஸ் ஆர்மி' திறந்துகொள்ளும், புரியாவிட்டால் கிழவர்கள் ஓடிப் பிடித்து விளையாடுவது மாதிரிதான் தெரியும். இரண்டாம் உலகப் போரில் படைக்குப் போகமுடியாத வயதானவர்களையும் சின்னப் பையன்களையும் சேர்த்து ஒரு ஊர்க்காவல் படை. வங்கி மேனேஜர் மேனரிங் கேப்டன், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வில்சன் சார்ஜென்ட். ஆனால் வில்சன் பெரிய இடத்துப் பிள்ளை, பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். மேனரிங் முட்டி மோதி மேலே வந்தவர். எந்தக் கூட்டத்திலும் ஜனங்கள் கேப்டனை விட்டுவிட்டுச் சார்ஜென்டிடம் பேசுவார்கள். மேனரிங்காக நடிக்கும் ஆர்தர் லோவின் முகத்தில் அந்த ஒரு கணம் ஓடும் புழுக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் ஆபீசருக்கு மரியாதை குறைவாகவும் ஹெட் கிளார்க்குக்கு அதிகமாகவும் கிடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கவுரை தேவைப்படாது. 1973இல் வந்த ஒரு கதையில் பிடிபட்ட ஜெர்மன் அதிகாரி, தன்னைக் கேலி செய்த பையனின் பெயரைக் குறித்துவைக்கக் கேட்கிறான். மேனரிங் பதறிக் கத்துகிறார்: 'அவனிடம் சொல்லாதே பைக்!' பைக் என்பதுதான் பையனின் பெயர், அதை மேனரிங்கே சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த வரியைச் சொல்லி முடிக்க ஆங்கிலத்தில் நாலு சொல். அதற்காக ஐந்து வருடம் அந்த மனிதரின் அசட்டு வீரத்தைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். இணையத்தில் அந்த ஒரு நிமிடத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். துண்டில் ஒன்றும் இல்லை.

'எஸ் மினிஸ்டர்' பெட்டியில் இருந்தால் அதை உங்களுக்கு என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சர் ஹேக்கர், அவருடைய செயலாளர் சர் ஹம்ஃப்ரி. எந்தக் காரியமும் நடக்காமல் பார்த்துக்கொள்வது செயலாளரின் தொழில். ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதியது, 1980 முதல் 1988 வரை, பிற்பகுதியில் ஹேக்கர் பிரதமராகிவிடுவார். முதல் கதையைத் தேர்தல் நேரத்தில் காட்டவேண்டாம் என்று பிபிசி நிறுத்திவைத்து, 1980இல்தான் காட்டியது. ஹேக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள், அதனால் அது பழசாகவும் மறுக்கிறது. 2001இல் இந்தியில் 'ஜி மந்த்ரிஜி' என்று ஃபரூக் ஷேக்கை வைத்து எடுத்தார்கள், கதைகளைப் பெரிதாக மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. சர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாதார்ன் ஒரே மூச்சில் பேசும் அந்தச் சிக்கலான வாக்கியங்கள் காதுக்கு எட்டாது. டிவிடியில் ஆங்கில எழுத்து வரும்படி வைத்து, ஒரு தடவை பின்னால் ஓட்டிப் பார்க்கவேண்டும். நான் லண்டன் ஆங்கிலம் கற்றதே அப்படித்தான். கேசட்டில் எழுத்து வராது. டிவிடி வந்தபிறகுதான், 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரில் டெல் பாய் என்ற தெரு வியாபாரி பேசும் லண்டன் பெக்கம் பகுதி ஆங்கிலத்தில் பாதியை நான் இத்தனை வருடம் தவறாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. 1996 டிசம்பரில் அந்தத் தொடரின் ஒரு கதையை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் பஸ்ஸில் எல்லோரும் அதையே பேசினார்கள், நானும் புரிந்த மாதிரி பேசினேன்.

கசப்பான பகுதியையும் சொல்லாமல் விட்டால் நான் விற்பனையாள் ஆகிவிடுவேன். உங்கள் பெட்டியில் 'இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்' இருக்கலாம். இந்தியாவில், தேவ்லாலி ராணுவ முகாமில் நடப்பது. அதில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ், வெள்ளைக்காரர், ஜான்சியில் பிறந்தவர், முகத்தில் பழுப்பு மை பூசி நடித்தார். பிபிசி அதை இப்போது மறுஒளிபரப்புவதில்லை. டிவிடியில் இருக்கிறது. 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1977இல் தொடங்கி, வெளிநாட்டவரை இழிவாகக் காட்டுகிறது என்ற குறையால் தொலைக்காட்சி நிர்வாகமே 1979இல் நிறுத்தியது. அப்புறம் 1986இல் ஒரு தடவை தலைகாட்டியது. பிரிட்டனில் மதிப்பிழந்த அதைத்தான் எங்கள் நூலகத்தில் ஆசியக் குடும்பங்கள் விரும்பி எடுத்தார்கள். இந்தியில் 'ஜபான் சம்பால்கே' என்ற பெயரில் வந்ததும் அதன் சாயல்தான். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். ஒரு இலங்கை ஐயா கேசட்டை எடுக்கும்போதெல்லாம், 'இவர் எங்கட பக்கத்து ஆள்' என்று கவுண்டரில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். இழிவாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, 'நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனபோது அப்படித்தான் இருந்தது தம்பி' என்றார். எனக்கு அந்தத் தொடர் இன்றும் ருசிக்கவில்லை. அவருக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை.

2020 ஜூனில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் ஜெர்மானியர்கள் வரும் கதையை ஒரு இணையச் சேவை எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் எச்சரிக்கையோடு திரும்ப வைத்தது. பிரச்சினை, அதில் வரும் கிழட்டு மேஜர் சொல்லும் இனவெறிச் சொற்கள். மேஜர் கேலிக்குரியவர், கதை அவர் பக்கம் இல்லை என்பது க்ளீஸின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் அந்தச் சொல் யாரைக் குறிக்கிறதோ அவர் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வாதம் கொஞ்சம் இளைத்துவிடுகிறது என்பதும் உண்மை. அதே தொடரில் மானுவேலாக ஸ்பானியனாய் அடி வாங்கும் ஆண்ட்ரூ சாக்ஸ், நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவனாக 1938இல் லண்டன் வந்த பெர்லின்காரர். பார்க்கவேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டில் நீங்கள் முடிவு செய்வது, கம்பெனி முடிவு செய்வதைவிட நல்லது. டிவிடியின் பெரிய லாபம் அதுதான் என்பேன்.

அதற்காக டிவிடி என்றால் அப்பழுக்கில்லாத மூலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிபரப்பில் பின்னணியில் ஓடிய பாட்டுக்கு வீடியோ உரிமை வாங்குவது செலவு. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' டிவிடிகளில் சில இடத்தில் பாட்டை மாற்றியும் காட்சியை வெட்டியும் இருக்கிறார்கள். 1986 கிறிஸ்துமஸ் சிறப்புக் கதையில் டெல் தன் தம்பியைப் பெரிய மனிதர்கள் முன்னால் குடித்துவிட்டு அவமானப்படுத்துவது எல்லை மீறிவிட்டது என்று எழுதியவர் ஜான் சல்லிவனுக்கே உறுத்தல். டிவிடிக்கு வரும்போது இருபது நிமிடத்துக்கு மேல் குறைத்து, இல்லாத சிரிப்பொலியைச் சேர்த்தார்கள். சிரிப்பொலி என்றதும் ஒரு விளக்கம்: பெரும்பாலான பழைய பிரிட்டிஷ் காமெடிகளில் கேட்பது பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய சிரிப்பு இல்லை. ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து நாடகம் போல நடித்தார்கள். நடிகர் சிரிப்பு அடங்கக் காத்திருப்பது தெரியும். வெளிப்புறக் காட்சிகளை முன்கூட்டியே ஃபிலிமில் எடுத்து அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதனால்தான் கதவைத் திறந்து வெளியே வந்ததும் படத்தின் நிறமே மாறிவிடும். பழுது என்று நினைத்து டிவிடியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எங்களிடம் உண்டு.

இணையத்தில் பார்ப்பதற்கும் இதற்கும் படத்தில் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. அந்தக் காலத்துப் படம் ஏறக்குறைய சதுரமான 4:3 அளவு. இணையத்தில் யாரோ ஏற்றிய பிரதிகளில் அதை அகலத்திரைக்கு இழுத்து எல்லோர் முகத்தையும் இட்லி மாதிரி ஆக்கியிருப்பார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டி ஜான் க்ளீஸின் கால்களைத் தொலைத்திருப்பார்கள். அந்த மனிதரின் நகைச்சுவையில் பாதி கால்களில்தான் இருக்கிறது. ஸ்டுடியோ வீடியோவில் நொடிக்கு ஐம்பது அசைவுகள் பதிவாகும். பல இணையப் பிரதிகளில் அதை இருபத்தைந்தாகப் பாதியாக்கிவிடுகிறார்கள், வேகமான உடல் சேட்டைகள் அதில் மழுங்கிவிடும். அதே சமயம் யாராவது ப்ளூ-ரே வாங்கச் சொன்னால் யோசியுங்கள். டேப்பில் பதிந்தது 576 வரிப் படம், அதற்கு மேல் அதில் விவரம் கிடையாது. கொஞ்சம் சுத்தம் செய்வார்கள், அவ்வளவே.

ஆகவே ஊர் நினைப்பா சரக்கா என்றால், உங்கள் மாமனார் விஷயத்தில் இரண்டும் கலந்திருக்கும், பிரித்தெடுக்க என்னால் முடியாது. 'த குட் லைஃப்' தொடரில் வரும் புறநகர் வீடு கதையில் சர்பிட்டனில் இருப்பதாகச் சொல்வார்கள், எடுத்தது எங்கள் பக்கத்து நார்த்வுட்டில். அந்தத் தெருவைத் திரையில் பார்க்கும்போது எனக்கு வரும் உணர்ச்சி காமெடிக்கானது இல்லை என்று எனக்கே தெரியும். அதில் நடித்த ஃபெலிசிட்டி கெண்டல், பெற்றோரின் நாடகக் குழுவோடு இந்தியாவில் வளர்ந்தவர், சசி கபூரின் மனைவியின் தங்கை. இதை மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். எல்லாத் தொடரும் காலத்தைத் தாங்கியது என்றும் நான் சொல்லவில்லை. மேலே பெயர் சொன்னவற்றைச் சுற்றி, அதே வருடங்களில் வந்து யாராலும் நினைக்கப்படாதவை ஏராளம். எங்கள் அலமாரியில் ஒரே ஒரு இரவல் தேதி முத்திரையோடு கழிக்கப்பட்டவை அவைதான்.

செய்யவேண்டியது சொல்கிறேன். டிவிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த நாட்டில் ஓடலாம் என்று டிவிடிகளை மண்டலம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள். பிரிட்டன் டிவிடிகள் இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம், ஆகவே சில பிளேயர்கள் ஏற்க மறுக்கும். மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் இருந்தால் பிரச்சினை இல்லை, இரண்டு நாட்டிலும் டிவி படமுறை ஒன்றுதான், 'பால்' (PAL). கணினியில் போட்டால் மண்டலத்தை மாற்றவா என்று கேட்கும், ஐந்து தடவைக்கு மேல் மாற்ற விடாது, யோசித்துச் சம்மதியுங்கள். டிவியில் பட அளவை 4:3 என்று வைத்துவிடுங்கள். நீங்கள் ஆரம்பிக்கவேண்டியது காது கேளாத கிழவி வரும் அந்தக் கதையில். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் சிரிக்க ஆரம்பிக்கிறார் என்று பாருங்கள். மறுவாரம் அதையே இன்னொரு தடவை போடுங்கள்.

கேசட்டுகளில் கடையில் வாங்கியவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, டிவிடியில் இருப்பவைதான். கையெழுத்தில் பெயர் எழுதியவை இருக்கிறதா என்று தேடுங்கள், தொலைக்காட்சியிலிருந்து அவரே பதிந்தவை. தொலைந்த கதை எதுவும் அதில் கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டேன், வீட்டுக்கு வீடு கேசட் வந்த காலத்தில் அழிக்கும் பழக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் நடுவில் அந்த வருட விளம்பரம், செய்தித் துணுக்கு, சில சமயம் பிள்ளைகளின் பிறந்தநாள்கூட இருக்கும். கேசட்டின் சிறு ஜன்னல் வழியே பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? அது பூஞ்சை, எந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், ஹெட் கெட்டுவிடும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பதைச் சீக்கிரம் கணினிக்கு மாற்றிவிடுங்கள், கேசட் பிளேயர் உற்பத்தி 2016லேயே நின்றுவிட்டது. அதுவரை ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தகட்டை உடைத்து வையுங்கள், தெரியாமல் யாரும் அதன் மேல் வேறு எதையும் பதிந்துவிட முடியாது.